பாராவுக்குப் போன இரு நண்பர்கள்

வெப்பமண்டலக் காடு ஒன்றை ஒருமுறையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை 1840களில் இங்கிலாந்தின் இயற்கை ஆர்வலர் பலருக்கு இருந்தது. ஆசை இருந்ததே ஒழிய கையில் காசு இல்லை. தென்னமெரிக்காவைச் சுற்றிய ஹம்போல்ட் தன் தாய் விட்டுச்சென்ற சொத்தைச் செலவழித்தவர். பீகிள் கப்பலில் போன டார்வினுக்குச் செலவுக்குக் கொடுத்தவர் அவருடைய தந்தை. அப்படி எவரும் இல்லாத இரண்டு இளைஞர்கள் தங்கள் முதல் பயணத்துக்கு எந்த நாட்டைத் தேர்ந்தெடுத்தார்கள், எதை நம்பித் தேர்ந்தெடுத்தார்கள் என்பது சுவையான வரலாறு.

அவர்கள் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ், ஹென்றி வால்ட்டர் பேட்ஸ். இருவரும் லெஸ்டர் நகரில் பழகியவர்கள். வாலஸ் அங்கே ஒரு பள்ளியில் ஆசிரியராக இருந்தார். பேட்ஸ் காலுறை வியாபாரி ஒருவரிடம் தொழில் பழகியவர். ஓய்வு நேரமெல்லாம் வண்டு பிடிப்பார். லெஸ்டரைச் சுற்றிய சில மைல்களுக்குள் எத்தனை வகை வண்டுகள் கிடைக்கின்றன என்பதை அவரிடமிருந்து அறிந்த வாலஸ் வியந்துபோனார். அன்று தொடங்கிய வண்டுப் பைத்தியம் கடைசிவரை அவரை விடவில்லை! பிறகு வாலஸ் வேல்ஸில் உள்ள நீத் நகருக்குப் போய்விட்டாலும் கடிதப் போக்குவரத்து தொடர்ந்தது. உயிரினங்கள் எவ்வாறு தோன்றின என்ற கேள்வி 1847இலேயே அந்தக் கடிதங்களில் இடம்பெற்றுவிட்டது. அந்தக் கேள்விக்கு விடை தேட உள்ளூர் வண்டுகள் போதாது என்று வாலஸ் எண்ணினார்.

அப்போது இங்கிலாந்தில் எங்கு பார்த்தாலும் ரயில் பாதை போடும் வேகம். நில அளவை தெரிந்தவர்களுக்கு நல்ல கூலி கிடைத்தது. வாலஸ் அதில் சுமார் 100 பவுன் சேர்த்து வைத்தார். இருவருடைய கைமுதலும் ஏறக்குறைய அவ்வளவுதான். எனவே எந்த நாடு அழகானது என்று மட்டும் பார்த்து அவர்களால் முடிவெடுக்க முடியாது. அங்கே சாப்பாடும் படகும் மலிவாக இருக்க வேண்டும். பிடிக்கும் பூச்சிகளை லண்டனில் வாங்க ஆள் இருக்க வேண்டும். உயிரோடு திரும்பவும் முடிய வேண்டும்.

இந்த நிலையில்தான் ஒரு புத்தகம் கைக்கு வந்தது. வில்லியம் ஹென்றி எட்வர்ட்ஸ் என்ற அமெரிக்க இளைஞர் 1846இல் அமேசான் ஆற்றில் பயணம் செய்து, அடுத்த ஆண்டே அதைப் பற்றி எழுதியிருந்தார். காடுகளின் அழகு, மக்களின் விருந்தோம்பல், குறைந்த செலவு ஆகிய மூன்றும் அதில் இருந்தன. படித்ததும் இருவரும் ஒரே மனதாக முடிவு செய்துவிட்டார்கள். அமேசானின் வாயில் உள்ள பாரா துறைமுகம்தான்! (இன்று அதன் பெயர் பெலெம்.) எட்வர்ட்ஸ் அப்போது லண்டனில் இருந்தார். அவரைத் தேடிப் போய்ச் சந்தித்து, பாராவில் உள்ளவர்களுக்கு அறிமுகக் கடிதங்களும் வாங்கிக் கொண்டார்கள்.

ஆனால் புத்தகத்தை மட்டும் நம்பி அவர்கள் கப்பல் ஏறவில்லை. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் வண்ணத்துப்பூச்சிப் பிரிவைக் கவனித்துவந்த எட்வர்ட் டபுள்டேயிடம் யோசனை கேட்டார்கள். வடக்கு பிரேசிலில் இருந்து வந்துள்ள மாதிரிகள் மிகவும் குறைவு, அங்கிருந்து அனுப்புபவை விலைபோகும் என்றார் அவர். விற்பனைக்குச் சாமுவேல் ஸ்டீவன்ஸ் என்ற முகவரும் கிடைத்தார். எந்த ஊர் என்று காட்டியது எட்வர்ட்ஸின் புத்தகம் என்றால், அந்த ஊரை உறுதிசெய்தவை அருங்காட்சியகத்தின் காலி இழுப்பறைகள் என்றே சொல்ல வேண்டும். புறப்படுவதற்கு முன் பேட்ஸின் பெற்றோர் வீட்டில் ஒரு வாரம் தங்கி, பறவைகளைச் சுட்டுத் தோலுரிக்கப் பழகினார்கள். சாட்ஸ்வொர்த் மாளிகையின் கண்ணாடி வீடுகளுக்குப் போய்ப் பனை வகைகளையும் ஆர்க்கிட் செடிகளையும் பார்த்தார்கள். அதுவரை அவர்கள் அறிந்த வெப்பமண்டலம் கண்ணாடிக் கூரைக்குள் இருந்ததுதான்.

1848 ஏப்ரல் 26 அன்று 'மிஸ்சீஃப்' என்ற சிறிய கப்பல் லிவர்பூலில் இருந்து புறப்பட்டது. மே 28இல் பாரா வந்துசேர்ந்தது. வாலசுக்கு வயது 25, பேட்சுக்கு 23. வாலசுக்கு முதலில் கிடைத்தது ஏமாற்றம்தான். வெயில் அவர் நினைத்த அளவுக்குச் சுடவில்லை, காடும் புத்தகத்தில் படித்த அளவுக்கு மிரட்டவில்லை. நாள் செல்லச் செல்லத்தான் கண் பழகியது. இரண்டே மாதங்களில் சுமார் 1300 வகைப் பூச்சிகள் சேர்ந்துவிட்டன. டபுள்டேயின் கணிப்பு பொய்க்கவில்லை.

இதில் மகிழ்ந்த வாலஸ் தன் தம்பி ஹெர்பர்ட்டையும் வரவழைத்தார். 1849 ஜூலையில் ஹெர்பர்ட் பாராவில் வந்திறங்கினார். பூச்சி பிடிப்பதில் அவருக்கு மனம் ஒட்டவில்லை. சிறிது காலத்திலேயே ஊர் திரும்ப முடிவு செய்தார். 1851இல் கப்பலுக்காகப் பாராவில் காத்திருந்தபோது மஞ்சள் காய்ச்சல் கண்டது. அப்போது பேட்சும் அங்கே இருந்தார். ஹெர்பர்ட்டைக் கவனித்துக்கொண்ட அவரும் அதே காய்ச்சலில் விழுந்தார். பேட்ஸ் பிழைத்துக்கொண்டார். ஹெர்பர்ட் ஜூன் மாதம் இறந்தார். வயது 22. அண்ணனோ ரியோ நெக்ரோ ஆற்றின் மேற்பகுதியில், கடிதம் எளிதில் எட்டாத தொலைவில் இருந்தார். தம்பி நோயுற்ற செய்தி முதலில் வந்தது. இறந்துவிட்டார் என்பது பல மாதங்கள் கழித்தே உறுதியானது.

அப்படியானால் எட்வர்ட்ஸின் புத்தகம் பொய் சொன்னதா? இல்லை. அவர் போன 1846இல் பாரா நலமான ஊர் என்றே பெயர் பெற்றிருந்தது. அந்த நூற்றாண்டில் மஞ்சள் காய்ச்சல் பிரேசில் துறைமுகங்களைப் பெரிய அளவில் தாக்கத் தொடங்கியது 1849 முடிவில்தான். 1850இல் அது பாராவுக்கும் வந்துவிட்டது. அதைப் பரப்புவது கொசு என்பது 1900ஆம் ஆண்டு வாக்கில்தான் நிறுவப்பட்டது. நண்பர்கள் எவ்வளவு விசாரித்திருந்தாலும் இதை யாரும் சொல்லியிருக்க முடியாது. எழுதியபோது உண்மையாக இருந்த செய்தி, தம்பி வந்துசேர்ந்த அடுத்த ஆண்டே பழசாகிவிட்டது. வரச் சொன்ன அண்ணனுக்கு இந்தக் கணக்கு எந்த அளவுக்கு ஆறுதல் தந்திருக்கும் என்பது வேறு விஷயம்.

வாலஸின் துயரம் அத்தோடு முடியவில்லை. 1852இல் அவர் ஊர் திரும்பிய 'ஹெலன்' கப்பல் ஆகஸ்ட் 6 அன்று நடுக்கடலில் தீப்பற்றியது. உடன் கொண்டுவந்த மாதிரிகள் எல்லாம் எரிந்தன. ஒரு சிறு தகரப் பெட்டியில் மீன், பனை ஓவியங்கள் மட்டும் மிஞ்சின. திறந்த படகில் பத்து நாட்கள் மிதந்த பிறகே இன்னொரு கப்பல் அவர்களை ஏற்றிக்கொண்டது. முகவர் ஸ்டீவன்ஸ் முன்யோசனையோடு காப்பீடு செய்திருந்ததால் வாலஸ் தெருவுக்கு வரவில்லை. இனி கடல் பக்கமே போவதில்லை என்று வழிநெடுக அவர் சபதம் செய்துகொண்டதும் உண்டு.

சபதம் அதிக நாள் நிற்கவில்லை. அமேசானில் பேட்ஸ் இன்னும் இருந்ததால் அங்கே திரும்பிப் போவதில் பொருளில்லை. லண்டன் அருங்காட்சியகத்தின் பூச்சி, பறவை அறைகளில் மீண்டும் நாட்களைக் கழித்தார். ஜாவா நீங்கலாக மலாய்த் தீவுக்கூட்டத்தில் இருந்து வந்தவை மிகக் குறைவு என்று கண்டார். டச்சுக்காரர்களின் குடியேற்றங்கள் அங்கே இருந்ததால் தங்க இடம் கிடைக்கும். ஊரும் உடம்புக்கு ஒத்துக்கொள்ளும் என்று சொன்னார்கள். 1854 ஏப்ரலில் சிங்கப்பூரில் இறங்கினார். இம்முறை உதவிக்கு அழைத்துச் சென்றது சார்லஸ் ஆலன் என்ற சிறுவனை.

பேட்ஸ் 1859 வரை அமேசானிலேயே இருந்தார். 1855இல் சரவாக்கில் இருந்து வாலஸ் எழுதிய கட்டுரை ஒன்று அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அதைப் பற்றி அவர் 1856 நவம்பரில் எழுதிய கடிதத்துக்கு, வாலஸ் 1858 ஜனவரியில் அம்போய்னா தீவில் உட்கார்ந்து பதில் எழுதினார்.