தளர்ந்த முகமும் மருத்துவ நூலும்: ஒரு வரலாற்றுப் பார்வை

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்…

சென்ற மாதம் பெண்களுக்கான வாராந்திர மார்க்க வகுப்பு முடிந்தபின், ஐம்பது வயதை எட்டிய சகோதரி ஒருவர் தயக்கத்துடன் என்னிடம் வந்தார். "ஆலிமா, தொங்கிப்போன முகத்த நூல் போட்டுத் தூக்கி நிறுத்துற சிகிச்சை ஒண்ணு இருக்காம். கத்தியே வைக்கிறதில்லையாம். செஞ்சுக்கலாமா?" என்று கேட்டார். அஸர் தொழுகைக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அழகுக்காக அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவது கூடாது என்று ஒரே வரியில் பதிலளித்தேன். அவர் துப்பட்டாவை முகத்தோடு இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

சில நாட்கள் கழித்து, அவருடைய மருமகள் வாயிலாக உண்மை தெரியவந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் முகவாதம் கண்டு, அவருடைய இடப்பக்கக் கன்னமும் வாயோரமும் தளர்ந்துவிட்டன. உளூவில் வாய் கொப்பளிக்கும்போது நீர் அந்தப் பக்கமாக வழிந்துவிடும். விருந்துகளில் பிறர் முன்னிலையில் உண்பதையே அவர் நிறுத்திவிட்டார். வகுப்பில் எப்போதும் பாதி முகத்தை மூடியபடி அமர்ந்திருப்பார். அதை நான் பேணுதல் என்று எண்ணியிருந்தேன்.

கேள்வியை முழுமையாகக் கேட்கும் முன்பே தீர்ப்புச் சொல்லிவிட்ட குற்ற உணர்வு என்னை வாட்டியது. நம் முன்னோர் இதை எவ்வாறு அணுகினார்கள், இந்த நூல் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்வது கடமை எனக் கருதுகிறேன்.

பொன் மூக்கு

நபித்தோழர் அர்ஃபஜா பின் அஸ்அத் (ரலி) அவர்கள், அறியாமைக் காலத்தில் நடந்த குலாப் போரில் தம் மூக்கை இழந்தார்கள். வெள்ளியால் ஒரு மூக்குச் செய்து பொருத்திக்கொண்டார்கள். நாளடைவில் அதில் துர்நாற்றம் ஏற்பட்டது. பொன்னால் மூக்குச் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் அவருக்குக் கட்டளையிட்டார்கள். அபூதாவூத், திர்மிதீ, நஸாயீ ஆகிய நூல்களில் இச்செய்தி பதிவாகியுள்ளது.

ஆண்களுக்குப் பொன் அணிவது தடை செய்யப்பட்ட மார்க்கம் இது. ஆயினும் சிதைந்த ஒரு முகத்தைச் சீராக்குவதற்காக அந்தப் பொன்னே அனுமதிக்கப்பட்டது. மூக்கில்லாமலும் அவர் உயிர் வாழ்ந்திருப்பார். எனினும், மனிதர்களிடையே கூச்சமின்றி நடமாட வேண்டும் என்னும் தேவையை நம் நபி (ஸல்) அவர்கள் அற்பமாகக் கருதவில்லை.

மறுபக்கமும் உண்டு. பச்சை குத்தும் பெண்களையும், புருவ முடிகளை அகற்றும் பெண்களையும், அழகுக்காகப் பற்களிடையே இடைவெளி உண்டாக்கும் பெண்களையும் சபிக்கும் நபிமொழியை இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கிறார்கள். புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் இது இடம்பெற்றுள்ளது. நான் அவசரத்தில் நினைவுகூர்ந்தது இதைத்தான். ஆனால், 'அழகுக்காக' என்று அதில் வரும் சொல்லை இமாம் நவவீ (ரஹ்) (1233–1277) முஸ்லிமின் விரிவுரையில் தனியே எடுத்துக்காட்டுகிறார்கள். சிகிச்சைக்காகவோ பல்லில் உள்ள குறைக்காகவோ அவ்வாறு செய்ய நேர்ந்தால் அதில் குற்றமில்லை என்பது அவர்களுடைய விளக்கம். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நம் குடும்பங்கள் தலைமுறைகளாகப் போற்றிவரும் இமாம் அவர்கள்.

ஆகவே, குறையைச் சீராக்குவது வேறு, குறையற்ற படைப்பை அழகுக்காக மாற்றுவது வேறு என்ற கோடு தொடக்கத்திலேயே வரையப்பட்டுவிட்டது.

குர்துபாவின் ஊசி

ஸ்பெயினில் குர்துபா நகருக்கு அருகே, மதீனத்துஸ் ஸஹ்ராவில் பிறந்தவர் அபுல்காசிம் அஸ்ஸஹ்ராவி. 1013ஆம் ஆண்டளவில் மறைந்த அவர் எழுதிய 'அத்தஸ்ரீஃப்' முப்பது பாகங்களைக் கொண்டது. கடைசிப் பாகம் அறுவை மருத்துவம் பற்றியது. ஏறத்தாழ இருநூறு கருவிகளின் வரைபடங்கள் அதில் உள்ளன. காயங்களைத் தைக்க விலங்குகளின் குடலிலிருந்து திரித்த நூலைப் பயன்படுத்தியதை அவர் விவரிக்கிறார். உடலுக்குள்ளேயே கரைந்துவிடும் தையல் நூலின் வரலாற்றில் அவருக்கு நீங்கா இடமுண்டு.

நம் கேள்விக்கு நெருக்கமான ஒரு பகுதியும் அந்நூலில் உண்டு. இமை தளர்ந்து, அதன் முடிகள் உட்புறமாகத் திரும்பிக் கண்ணை உறுத்தும் நோய்க்கு, இமையின் தோலைச் சிறிது அகற்றித் தைத்து உயர்த்தும் முறையை அவர் கற்பிக்கிறார். தளர்ந்த தோலை ஊசியும் நூலும் கொண்டு உயர்த்துவதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு முஸ்லிம் மருத்துவர் எழுதிவைத்தார். அவருடைய நோக்கம் கண்ணைக் காப்பாற்றுவது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இந்நூல் இலத்தீன் மொழிக்குச் சென்று, பல நூற்றாண்டுகள் ஐரோப்பிய மருத்துவர்களின் கைநூலாக விளங்கியது.

ஐரோப்பாவில் இரு பாதைகள்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் இக்கலை இரண்டு பாதைகளில் நடந்தது.

முதலாவது, போர்க்களத்திலிருந்து வந்தது. முதல் உலகப் போரில் முகம் சிதைந்த வீரர்களுக்காக, 1917இல் இங்கிலாந்தின் சிட்கப் நகரில் தனி மருத்துவமனை திறக்கப்பட்டது. ஹரோல்ட் கில்லீஸ் என்னும் மருத்துவரின் தலைமையில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு அங்கே முகத்தைச் சீரமைத்தார்கள். அர்ஃபஜா (ரலி) அவர்களின் பொன் மூக்கு எந்தத் தேவைக்காக அனுமதிக்கப்பட்டதோ, அதே தேவைதான் இது.

இரண்டாவது, முதுமையின் அச்சத்திலிருந்து வந்தது. 1901இல் பெர்லினில் ஒய்கன் ஹோலண்டர் என்பவர், செல்வச் சீமாட்டி ஒருவரின் முகத்தோலை இழுத்துத் தைத்தார். முகச் சுருக்க நீக்க அறுவைகளில் மிக முற்பட்டதாக இது சொல்லப்படுகிறது. 1899இல் வியன்னாவில் கெர்சுனி தொடங்கிய பாராஃபின் ஊசி, விரைவிலேயே முகச் சுருக்கங்களை நிரப்பவும் பயன்பட்டது. கத்தியில்லாத எளிய சிகிச்சை என்று அன்றும் சொன்னார்கள். ஆனால் அந்த மெழுகு உடலுக்குள் நகர்ந்து கட்டிகளாக இறுகியது. பலருடைய முகம் நிலையாகச் சிதைந்தபின் அம்முறை கைவிடப்பட்டது.

இவ்விரண்டாம் பாதையில் சென்றவர்கள் அனைவரும் வீண் ஆசை கொண்டவர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். பாரீஸில் சுசான் நோயல் என்னும் பெண் மருத்துவரிடம் வந்தவர்களில், வயது முகத்தில் தெரிவதால் வேலை பறிபோகும் என்று அஞ்சிய பெண்கள் பலர் இருந்தார்கள். முதுமையைப் பழிக்கும் சமுதாயம் அவர்களைக் கத்தியின் முன் கொண்டுவந்து நிறுத்தியது.

முள் வைத்த நூல்

இன்று பேசப்படும் நூல் சிகிச்சை 1990களின் இறுதியில் உருவானது. மாஸ்கோவில் பணியாற்றிய மார்லன் சுலமனிட்ஸே என்னும் மருத்துவர், நுண்ணிய முட்களைக் கொண்ட நூலைத் தோலுக்கடியில் செலுத்தித் தசையைப் பிடித்து உயர்த்தும் முறையைப் பரப்பினார். அந்நூல் கரையாதது. பின்னர் பாலிடையாக்ஸனோன் போன்ற, உடலில் கரையும் நூல்கள் கொரியாவிலிருந்து உலகெங்கும் பரவின. 1980களிலிருந்து அறுவைத் தையலுக்குப் பயன்பட்டுவரும் செயற்கைப் பொருள் இது. ஏறத்தாழ ஆறு முதல் எட்டு மாதங்களில் கரைந்துவிடும்.

முகத்தை மரத்துப்போகச் செய்து, ஊசி வழியே நூலைச் செலுத்துவார்கள். பெரிய கீறல் இல்லை என்பது உண்மை. ஆயினும் வீக்கம், தோலில் குழி விழுதல், இருபக்கமும் ஒத்திராமை, நோய்த்தொற்று, நூல் வெளியே துருத்தல் ஆகியவை நிகழக்கூடும். உயர்த்திய முகம் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளுக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். முகவாதத்தில் தளர்ந்த கன்னத்தைத் தாங்கவும் சில மருத்துவர்கள் இதனைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் நூல் நரம்பை உயிர்ப்பிக்காது. தாங்கிப் பிடிப்பதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது.

அறிஞர்களின் தீர்மானம்

2007 ஜூலையில் மலேசியாவின் புத்ராஜாயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமியின் 18ஆவது அமர்வு, அழகு அறுவை பற்றித் தீர்மானம் இயற்றியது. பிறவிக் குறைகளையும், நோயாலும் விபத்தாலும் தீக்காயத்தாலும் நேர்ந்த குறைகளையும் சீராக்குவது கூடும். உறுப்பை அதன் இயல்பான வடிவுக்கும் பணிக்கும் மீட்பதும் கூடும். முகச் சுருக்கங்களை அறுவையாலோ ஊசியாலோ நீக்குவது, நோய் நிலையாக இருந்தாலன்றிக் கூடாது. அப்போதும் தீங்கு நேராது என்ற உறுதி வேண்டும். தகுதியுள்ள மருத்துவரே செய்ய வேண்டும். விளைவுகளை முன்கூட்டியே விளக்கவும் வேண்டும்.

நூல் சிகிச்சைக்கும் இதே அளவுகோல் பொருந்தும் என்பது என் புரிதல். இரு பெண்களின் முகத்தில் ஒரே நூல் செல்லலாம். ஒருவருக்கு அது நோயால் இழந்ததை மீட்பது; மற்றவருக்கு வயதை மறைப்பது. கேட்பவரின் நிலையை அறியாமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதை நான் காலம் தாழ்ந்தே கற்றேன்.

மகளின் நிக்காஹ் நெருங்குகிறது, முகம் தளர்ந்துவிட்டதே என்று கலங்கும் தாய்மார்களுக்கும் ஒரு சொல். முதுமையைத் தவிர எல்லா நோய்க்கும் அல்லாஹ் மருந்து வைத்திருக்கிறான் என்பது நபிமொழியின் கருத்து. முதுமை வருவதே இயல்பு. அதற்காக அலங்காரம் தடுக்கப்படவில்லை. மக்கா வெற்றியின்போது அபூபக்ர் (ரலி) அவர்களின் முதிய தந்தை அபூகுஹாஃபா அழைத்துவரப்பட்டார்கள். நரைத்திருந்த அவர்களின் முடிக்குச் சாயமிடுமாறும், கறுப்பைத் தவிர்க்குமாறும் நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். முதியவரை அழகாக வைத்திருக்கவும் வேண்டும். அவர் முதியவர் என்பதை மறைக்கவும் வேண்டாம். "என்னம்மா, இப்படி வயசாயிட்டீங்க?" என்று திருமண வீடுகளில் கேட்கும் நம் நாவுதான் முதலில் திருந்த வேண்டும்.

அந்தச் சகோதரியின் வீட்டுக்குச் சென்று, என் பதில் பிழை என்று கூறி மன்னிப்புக் கேட்டேன். முதலில் நரம்பியல் மருத்துவரிடமும், பிறகு முகச் சீரமைப்பில் தேர்ந்த அறுவை மருத்துவரிடமும் காட்டி, நூல்தான் ஏற்றதா, வேறு வழி உண்டா எனக் கேட்குமாறு சொன்னேன். "மார்க்கம் என்னைக் கைவிட்டுடுச்சுன்னு நினைச்சுட்டேன் ஆலிமா" என்றார். அன்று அவர் கொடுத்த தேநீரை நாங்கள் இருவரும் எதிரெதிரே அமர்ந்து குடித்தோம். துப்பட்டா அவர் முகத்தை மறைக்கவில்லை.

நோயுற்றோருக்கு அல்லாஹ் முழு ஆரோக்கியத்தை வழங்குவானாக! அறியாமல் நாம் சொல்லிவிட்ட தீர்ப்புகளை மன்னிப்பானாக! ஆமீன்.