தேயிலைத் தொழிற்சாலையும் திருகுபுரியும்

மலைநாட்டின் வரலாற்றை எடுத்துரைப்போர் கோப்பியைச் சொல்வர், கொழுந்தைச் சொல்வர், துரையையும் கங்காணியையும் சொல்வர். தொழிற்சாலைக்குள் இயந்திரங்களை இறுகப் பிணைத்து நின்ற புரியாணியைச் சொல்வாரில்லை. சிறு பொருள்தான். ஆயினும் ஓர் ஆணியின் புரி அழிந்தால் கொழுந்து உருட்டும் இயந்திரம் நிற்கும். இயந்திரம் நின்றால் அன்று பறித்த கொழுந்து கெடும். அதை நாட்கணக்கில் காத்து வைக்க இயலாது.

1867ஆம் ஆண்டு லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். முதற் கொழுந்து அவருடைய பங்களாத் தாழ்வாரத்தில் கையாலேயே உருட்டப்பட்டது. 1869இல் கோப்பியைப் பற்றிய இலைநோய் தேயிலைக்கு வழிவிட்டது. தோட்டங்கள் பெருகவே கை போதவில்லை. வில்லியம் ஜாக்சன் அமைத்த உருட்டும் இயந்திரங்கள் கெயின்ஸ்பரோ நகரின் மார்ஷல் ஆலையிலிருந்தும், டேவிட்சனின் ‘சிறொக்கோ’ உலர்த்திகள் பெல்பாஸ்டிலிருந்தும் வந்தன. ஹட்டனுக்குப் புகையிரதம் வந்ததோ 1884இல்தான், நானுஓயாவுக்கு 1885இல். ஓர் உறுப்பு பழுதுற்றால் மாற்றுறுப்பு கப்பலேறி வரவேண்டும். ஆதலின் பழுதை இங்கேயே தீர்க்கும் பட்டறைகள் தோன்றின. 1854இல் கண்டியில் ஜோன் வோக்கர் ஒன்றை நிறுவினார். 1875இல் ஹட்டனில் எழுந்த சிறு பட்டறையே பிற்காலத்துப் பிரவுண் கம்பனி.

அந்நாளைய பிரித்தானிய இயந்திரங்களின் புரி, ஜோசப் விட்வேர்த் 1841இல் வகுத்த அளவினது. புரியின் கோணம் 55 பாகை. அரை அங்குல ஆணியில் அங்குலத்துக்கு 12 சுற்று. அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864இல் 60 பாகை என்றார்; அங்கே அரை அங்குல ஆணிக்கு 13 சுற்று. ஒரு சுற்றுத்தான் வேறுபாடு! கண்ணுக்குத் தெரியாது, ஆணியோ இரண்டொரு சுற்றுச் சென்று சிக்கிக்கொள்ளும். இரண்டாம் உலகப் போரில் இதனால் நேர்ந்த தொல்லைக்குப் பின்னரே, 1948இல் பிரித்தானியாவும் அமெரிக்காவும் கனடாவும் ஒருமைப் புரிக்கு உடன்பட்டன.

வார்ப்பிரும்பில் பொருந்தாத ஆணி முரண்டு பிடித்துத் தன் பிழையைத் தானே காட்டிக் கொடுக்கும். அலுமினியம் அப்படியன்று. மெல்லிய உலோகம், உருக்காணி அதைக் கீறிக்கொண்டு போய்விடும், கை அறியாது. 1886இல் ஹோல், எரூ என்னும் இருவர் தனித்தனியே மலிவாக்கிய இவ்வுலோகத்தை, 1903இல் ரைட் சகோதரர் தம் விமான எஞ்சினின் கூட்டுக்குப் பயன்படுத்தினர். இன்று தோட்டத்துச் சிறு எஞ்சின்களிலும் முச்சக்கர வண்டியிலும் அதுவே. சூடேறினால் உருக்கைப்போல ஏறக்குறைய இருமடங்கு விரியும். ஈரம் புகுந்தால் ஆணியோடு சேர்ந்து அரிக்கும். மலைநாட்டு மழையைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. அப்படி இறுகிய ஆணியை வலிந்து கழற்றுங்கால் புரியும் உடன் வந்துவிடும்.

பழைய வைத்தியம் இரண்டு. துளையைப் பெருக்கிப் பெரிய ஆணி இடுவது ஒன்று. பெருக்கிய துளையில் பித்தளைப் புஷ் ஒன்றைத் திருகி, அதனுள் பழைய அளவிலேயே புரி வெட்டுவது மற்றொன்று. இதுவே மேலானதென்பேன், ஆணி மாறாதல்லவா? போர்க்கால விமான எஞ்சின்களால் பரவிய முறை இன்னும் நுட்பமானது. அழிந்த புரியைத் துளைத்தகற்றி, சற்றுப் பெரிய புரி வெட்டி, சாய்சதுர முகமுடைய உருக்குக் கம்பிச் சுருளை உள்ளே திருகுவர். சுருளின் வெளிப்புறம் அலுமினியத்தை அகலமாகப் பற்றும்; உட்புறம் ஆணிக்குரிய பழைய புரி. சீராகச் செய்தால் முதலினும் வலிது.

இவ்வேலைகளைச் செய்த தமிழ்த் தொழிலாளருள் பலர் இஸ்டோரில் எண்ணெய் விடும் சிறுவராய் நுழைந்து, பார்த்துப் பார்த்தே பழகியவர்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் ஃபிட்டரென்றும் கூலியென்றும் பாராது தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலாரை நாடற்றோராக்கிற்று. 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென எண்ணியது. ஓர் இயந்திரத்தின் குணத்தை முப்பது ஆண்டு அறிந்த கைகளும் அக்கணக்கில் கப்பலேறின. அவை எத்தனை என்று எந்த ஒப்பந்தமும் தனியே எண்ணவில்லை.

1925இல் கட்டப்பெற்ற ஹந்தானைத் தொழிற்சாலை 2001 முதல் தேயிலை அரும்பொருட்சாலையாக விளங்குகிறது. அங்குள்ள பழைய இயந்திரங்களைச் செய்தவர் யார் என்று கேட்டால் விடை கிடைக்கும். பழைய இஸ்டோர் இயந்திரமொன்றின் அடிப்பாகத்தில், இரும்பின் நடுவே பித்தளை நிறத்தில் சிறு வளையமொன்று எங்கேனும் தென்படுமாயின், அதை இட்டவர் பெயரைக் கேட்டுப் பாருங்கள்.