கடைசிக் கட்டம்: திருப்பத்தில் முடியும் அறிவியல் படக்கதையும் தமிழில் அதன் வரவும்

சிறுகதையில் கடைசி வரி ஒளிந்துகொள்ளலாம். படக்கதையில் கடைசிக் கட்டத்துக்கு அந்த வசதி கிடையாது. பக்கத்தைப் புரட்டிய மாத்திரத்தில் முதல் கட்டமும் கடைசிக் கட்டமும் சேர்ந்தே கண்ணில் விழுந்துவிடும். முடிவு முன்னாலேயே தெரிந்துபோகிற இந்த ஆபத்தோடு மல்லுக்கட்டியே, ஏழெட்டுப் பக்கத்துக்குள் முடிந்து வாசகனைத் தூக்கிவாரிப்போடும் அறிவியல் படக்கதை என்ற வடிவம் வளர்ந்தது. அமெரிக்காவில் 1950இல் அது உருப்பெற்றது. பிரிட்டனில் 1977இல் மறுபிறவி எடுத்தது. பிரிட்டிஷ் படக்கதைகளை ஆண்டுக்கணக்கில் வாங்கி வெளியிட்ட தமிழுக்கு மட்டும் அது ஏன் சரிவர வந்து சேரவில்லை? விடையை வாசகர் ரசனையில் தேடுவதைவிடப் பக்கக் கணக்கில் தேடுவதே பலன் தரும் என்பது என் கட்சி.

கதை தொடங்குவது நியூயார்க்கில், ஒரு விபத்தில். 1947இல் மேக்ஸ் கெயின்ஸ் என்ற பதிப்பாளர் படகு விபத்தில் இறந்துபோக, இ.சி. என்ற நொடித்த நிறுவனம் அவர் மகன் வில்லியம் கெயின்ஸின் தலையில் விழுந்தது. பைபிள் கதைகளும் பள்ளிப் பாடங்களும் படக்கதையாக வந்துகொண்டிருந்த இடம் அது. மகன் ஆல் ஃபெல்ட்ஸ்டைன் என்ற ஓவியரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு 1950இல் திகில் இதழ்களோடு ‘வியர்ட் சயின்ஸ்’, ‘வியர்ட் ஃபேன்டசி’ என்ற இரண்டு அறிவியல் இதழ்களையும் கொண்டுவந்தார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, இதழுக்கு நான்கு கதைகள், ஒவ்வொன்றும் ஆறு முதல் எட்டுப் பக்கம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லை, நாயகன் என்று எவனும் கிடையாது.

இவ்வளவு கதைக்கு எங்கே போவது? கெயின்ஸ் இரவெல்லாம் தூங்காமல் கைக்குக் கிடைத்த அறிவியல் கதைகளைப் படித்து, கருக்களைக் குறித்துக்கொண்டு காலையில் வருவார். இருவரும் அதிலிருந்து ஒன்றைப் பிடித்துப் பேசி முடிப்பார்கள். ஃபெல்ட்ஸ்டைன் அன்றைக்கே எழுதி முடிப்பார். அதுவும் எப்படி? படம் வரையவேண்டிய அட்டையிலேயே நேராகக் கட்டம் பிரித்து வசனத்தை எழுதிவிடுவார். எழுத்துகள் லீராய் என்ற எழுத்து வரையும் கருவியால் தீட்டப்படும். ஓவியர் கைக்கு அட்டை போய்ச் சேரும்போது எழுத்துகள் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்; மிச்ச இடத்தில்தான் அவர் வரையவேண்டும். இ.சி. கதைகளில் வசனம் வழிவதற்கும், கடைசிக் கட்டம் அடித்துவைத்த ஆணிபோல அதனதன் இடத்தில் நிற்பதற்கும் இதுவே காரணம். எழுத்தாளர் முதலில் முடிவைத் தீர்மானித்துவிட்டுப் பின்னோக்கிக் கட்டிக்கொண்டு வந்த கட்டடம் அது.

கருக்களை எடுத்ததில் நேர்மை எப்போதும் இருந்ததாகச் சொல்லமுடியாது. ரே பிராட்பரியின் இரண்டு கதைகளை ஒன்றாக்கி 1952இல் அனுமதியில்லாமல் வெளியிட்டார்கள். பிராட்பரி வழக்குப் போடவில்லை. கொடுக்கவேண்டிய ஐம்பது டாலரை வேலை மும்முரத்தில் மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது என்று பணிவாக ஒரு கடிதம் எழுதினார். பணம் போனது, அதன்பின் அவர் கதைகள் அவர் பெயரோடும் அனுமதியோடும் வந்தன. பதிப்புலகத்தில் கடன் கேட்கும் கலைக்கு இதைவிட நல்ல பாடம் நான் பார்த்ததில்லை.

இந்த வடிவத்தின் உச்சம் என்று பலரும் ஒப்புக்கொள்வது ‘ஜட்ஜ்மென்ட் டே’. ‘வியர்ட் ஃபேன்டசி’ 18ஆம் இதழ், 1953. எழுத்து ஃபெல்ட்ஸ்டைன், ஓவியம் ஜோ ஒர்லாண்டோ. இயந்திர மனிதர்கள் மட்டுமே வாழும் ஒரு கோளுக்குப் பூமியிலிருந்து டார்ல்டன் என்ற ஆய்வாளர் வருகிறார். அண்டக் குடியரசில் சேர அந்தக் கோளுக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. ஆரஞ்சு நிற இயந்திரம் ஒன்று பெருமையோடு சுற்றிக்காட்டுகிறது. தொழிற்சாலையில் எல்லா இயந்திரங்களுக்கும் உள்ளே ஒரே பாகங்கள். மேலுறையின் நிறம் மட்டும் வேறு. நீல இயந்திரங்களுக்குத் தனிக் குடியிருப்பு, மட்டமான வேலை, வண்டியில் பின்னிருக்கை. நீங்கள் இன்னும் தயாராகவில்லை என்று சொல்லிவிட்டு டார்ல்டன் கப்பலேறுகிறார். கதை முழுக்கத் தலைக்கவசத்தோடு இருந்தவர் கடைசிக் கட்டத்தில் அதைக் கழற்றுகிறார். கறுப்பினத்தவர். அவர் முகத்து வியர்வைத் துளிகளில் கருவி விளக்குகளின் ஒளி மின்னுகிறது.

இதில் எதுவும் மறைக்கப்படவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். கவசத்துக்குள் வெள்ளை முகம்தான் இருக்கும் என்று கதை ஒரு இடத்திலும் சொல்லவில்லை, நாமாக நினைத்துக்கொண்டோம். சாதியை உறைநிறமாகப் பார்த்துப் பழகிய ஒரு நாட்டின் வாசகனுக்கு அந்தக் கட்டம் கூடுதலாகவே உறைக்கும். இ.சி. வெளியிட்ட நூற்றுக்கணக்கான கதைகளில் பெரும்பாலானவை வெறும் கண்கட்டு வித்தை: வேற்றுக்கோள் அரக்கன் என்று பயந்தது மனிதன்தான், தப்பியோடிய இருவரும் ஆதாம் ஏவாள்தான் என்ற ரகம். ஒருதடவை படித்தால் தீர்ந்துபோகும். முடிவு தெரிந்தபின்னும் திரும்பப் படிக்கவைப்பவை மிகச் சில.

டார்ல்டனின் முகம் தெரிந்த அந்தக் கட்டமே இ.சி.யின் கடைசிச் சண்டையாகவும் ஆயிற்று. 1954 ஏப்ரலில் படக்கதைகளை விசாரித்த அமெரிக்க செனட் துணைக்குழு முன் கெயின்ஸ் சாட்சி சொல்லி நன்றாக மாட்டிக்கொண்டார். அவ்வாண்டே பதிப்பாளர்கள் சேர்ந்து படக்கதைகளுக்கு ஒரு தணிக்கை விதித்தொகுப்பை ஏற்படுத்தினார்கள். தள்ளுபடியான வேறொரு கதைக்குப் பதிலாக ‘ஜட்ஜ்மென்ட் டே’யை மறுபதிப்புச் செய்ய அனுப்பியபோது, விண்வெளி வீரர் கறுப்பினத்தவராக இருக்கக்கூடாது என்றார் தணிக்கைத் தலைவரான நீதிபதி மர்ஃபி. அது மாறினால் கதையே இல்லையே! மோதலுக்குப் பின் ஒரு மாற்றமும் இல்லாமல் 1956 தொடக்கத்தில் ‘இன்கிரெடிபிள் சயின்ஸ் ஃபிக்‌ஷன்’ 33ஆம் இதழில் கதை வந்தது. இ.சி. வெளியிட்ட கடைசிக் காமிக்ஸ் இதழ் அதுவே.

பிரிட்டனில் 1955இல் அமெரிக்கத் திகில் படக்கதைகளுக்கு எதிராகச் சட்டமே போட்டார்கள். அங்கே ஏற்கெனவே வேறொரு மரபு வேரூன்றியிருந்தது. வார இதழ், ஒவ்வொரு நாயகனுக்கும் வாரம் இரண்டு மூன்று பக்கம், ஒவ்வொரு வாரமும் ஒரு தொங்கல். ‘லயன்’ இதழில் 1952 முதல் ஆர்ச்சி என்ற இயந்திர மனிதன், 1965 முதல் ஸ்பைடர். ‘வேலியன்ட்’ இதழில் 1962 முதல் இரும்புக்கை கொண்ட லூயிஸ் கிராண்டல். கிராண்டலை உருவாக்கிய கென் புல்மர் அறிவியல் நாவலாசிரியர். வரைந்தவர் ஸ்பெயினின் ஹேசுஸ் பிளாஸ்கோ. மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்து, கை மட்டும் அந்தரத்தில் தெரியும். அறிவியல் கற்பனைதான், ஆனால் முடிவே இல்லாத கற்பனை. அடுத்த வாரமும் ஆள் வந்தாகவேண்டுமே.

தனிக்கதை பிரிட்டனுக்கு வந்தது ‘2000 ஏ.டி.’ இதழ் வழியே. 1977 பிப்ரவரியில் தொடங்கிய அந்த வார இதழின் 25ஆம் இதழிலிருந்து ‘ஃப்யூச்சர் ஷாக்ஸ்’ என்ற தலைப்பில் ஒன்றிலிருந்து ஐந்து பக்கத்துக்குள் முடியும் கதைகள் வரத்தொடங்கின; முதலாவதை எழுதியவர் ஸ்டீவ் மூர். தொடர்கதை ஓவியர் படத்தைத் தாமதித்தால் இடம் காலியாகும்; அதை நிரப்பச் சரக்கு வேண்டும். புதிய எழுத்தாளரைச் சோதித்துப் பார்க்கவும் இது தோது. ஆலன் மூர் 1980 முதல் நான்கே ஆண்டில் ஐம்பதுக்கு மேல் எழுதித் தள்ளினார். நீல் கெய்மன், கிராண்ட் மாரிசன், பீட்டர் மில்லிகன் எல்லாரும் இந்த வாசல் வழியே வந்தவர்கள்தான்.

ஆலன் மூர் வடிவத்தைக் கையாண்ட விதத்துக்கு ஒரு கதை போதும். 1983இல் மைக் ஒயிட் வரைந்த ‘தி ரிவர்சிபிள் மேன்’. நடைபாதையில் கிடக்கும் ஒருவர் எழுகிறார், வீட்டுக்குப் போகிறார், நாளுக்கு நாள் இளைஞராகிறார். தலைகீழாக ஓடும் ஒரு சாதாரண வாழ்க்கை. அவருக்கு அதில் விநோதம் எதுவும் தெரியவில்லை. இறந்த தாய் மண்ணிலிருந்து மீண்டு வருகிறாள். மனைவியோ ஒருநாள் முன்பின் தெரியாதவளாகிவிடுகிறாள். தந்திரம் முதல் பக்கத்திலேயே வாசகனுக்குப் பிடிபட்டுவிடுகிறது. ஆனாலும் நெஞ்சை அடைக்கிறது. திருப்பத்தைக் கடைசிக் கட்டத்திலிருந்து பெயர்த்து முதல் கட்டத்துக்குக் கொண்டுவந்ததுதான் இங்கே திருப்பம். சில ஆண்டுகளில் அவர் ‘வாட்ச்மென்’ என்ற படக்கதைத் தொடரை எழுதியபோது அதன் ஐந்தாம் இதழ்ப் பின்னிணைப்புக்கு ஒரு பக்கம் வரைந்துகொடுத்தவர், ‘ஜட்ஜ்மென்ட் டே’ வரைந்த அதே ஒர்லாண்டோ.

இனித் தமிழுக்கு வருவோம். முடிவில் கொக்கி போடும் குறுங்கதை நமக்குப் புதிதல்ல. 1947இல் தொடங்கிய ‘அம்புலிமாமா’வில் மாதந்தோறும் வேதாளம் ஒரு கதை சொல்லும், கடைசியில் விக்கிரமனிடம் கேள்வி கேட்கும். தோளில் பிணத்தோடு வாளேந்தி நடக்கும் மன்னனை ஓவியர் சங்கர் வரைந்த படம் ஒரு தலைமுறைக்கே மனப்பாடம். திருவனந்தபுரத்தில் ஸ்ரீவராகம், கோட்டைப் பகுதித் தமிழ் வீடுகளில் அதே படம் ‘அம்பிளி அம்மாவன்’ என்ற மலையாளப் பதிப்பிலும் புழங்கியது. கதைசொல்லிப் பேய் என்ற உத்தியில் வேதாளமும் இ.சி.யின் திகில் இதழ்களில் வந்த சூனியக் கிழவியும் ஒரே சாதி. சிவகாசி காமிக்ஸ் வெளியீடுகளில் பின்னாளில் வந்த ‘கறுப்புக் கிழவி’ கதைகளைத் தமிழ் வாசகர் சட்டென்று ஏற்றுக்கொண்டதற்கு வேதாளமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஆக, மண் தயாராகவே இருந்தது. 1972 ஜனவரியில் சிவகாசியில் எம். சௌந்தரபாண்டியன் ‘முத்து காமிக்ஸ்’ தொடங்கியபோது முதல் இதழே ‘இரும்புக்கை மாயாவி’. லூயிஸ் கிராண்டல்தான். 1984இல் அவர் மகன் எஸ். விஜயன் ‘லயன் காமிக்ஸ்’ தொடங்கினார், அதே ஆண்டு ‘ராணி காமிக்ஸ்’ ஜேம்ஸ்பாண்டோடு வந்தது, 1986இல் ‘திகில்’. ஸ்பைடரும் ஆர்ச்சியும் தமிழ்ப் பையன்களின் சொந்தக்காரர்கள் ஆனார்கள்.

இங்கேதான் பக்கக் கணக்கு குறுக்கிடுகிறது. தமிழ் காமிக்ஸ் கையடக்கப் புத்தகம். ஒரு புத்தகம், ஒரு நாயகன், ஒரு முழுக்கதை. லண்டனில் வாரவாரம் வந்த தொங்கல்களைக் கோத்து ஒரே மூச்சில் படிக்கும் நீள்கதையாக்குவது இந்த அளவுக்குப் பொருந்தியது. கடையில் தொங்கும் புத்தகத்தை விற்பதும் அட்டையில் இருக்கும் நாயகன் முகம்தான். நாயகனே இல்லாத, நான்கு பக்கத்தில் தீர்ந்துபோகிற கதையின் பெயரை எந்த அட்டையில் போடுவது? குறுங்கதைகள் வந்தபோதும் புத்தகத்தின் பின்பக்கத்தில், இடம் நிரப்பவே வந்தன. பெரிய பக்கத்துக் கட்டங்களைச் சின்னப் பக்கத்துக்கு வெட்டி ஒட்டும்போது கடைசிக் கட்டம் புரட்டுக்குப் பின்னால் விழவேண்டும் என்பதைக் கவனிக்காவிட்டால் திருப்பம் முன்பே அம்பலமாகிவிடும்.

திருவனந்தபுரத்திலிருந்து பார்க்கையில் இதில் ஒரு விசித்திரம் உண்டு. இரும்புக்கை லண்டனில் பிறந்த மறு ஆண்டு, 1963 நவம்பர் 21 அன்று, இதே ஊரின் தும்பாவிலிருந்து இந்தியாவில் ஏவப்பட்ட முதல் ஆய்வு ராக்கெட் கிளம்பி மாலை வானில் சோடிய ஆவியைப் பரப்பியது. அப்படிப்பட்ட ஊரில் கிழக்கேகோட்டைக் கடைகளில் தமிழ் வார இதழ்கள் தாராளமாகத் தொங்கின. அவற்றில் அறிவியல் கதை கிடைத்தது, அறிவியல் படக்கதை அரிது. தெருப் பிள்ளைகளுக்கோ இரண்டு மாயாவிகள்: தமிழில் இரும்புக்கைக்காரர், மலையாளத்தில் 1984 முதல் ‘பாலரமா’வில் குறும்பு செய்யும் குட்டிச்சாத்தான். எண்பதுகளின் பிற்பாதியிலிருந்து வளர்ந்தவர்களிடம் கேட்டால் இரண்டாமவருக்கே ஓட்டு விழும்.

படக்கதை விட்ட இடத்தை உரைநடை பிடித்துக்கொண்டது. ‘குமுதம்’ வளர்த்த ஒரு பக்கக் கதை, ‘ஃப்யூச்சர் ஷாக்ஸ்’ போலவே, அளவால் பிறந்த வடிவம்: ஒரு பக்கம், ஒரு சூழல், கடைசி வரியில் ஒரு வெட்டு. சுஜாதா இந்தப் பள்ளியில் கைதேர்ந்தவர். பாரத் எலெக்ட்ரானிக்ஸ் பொறியாளர் வேறு. எதிர்காலத்துத் திருமலை தரிசனத்தை வைத்து அவர் எழுதிய ‘திமலா’வைப் படம் போட்டுக் கட்டம் பிரித்தால் நேராக ‘2000 ஏ.டி.’க்கு அனுப்பிவிடலாம். ‘என் இனிய இயந்திரா’வை எல்லாரும் சொல்கிறார்கள், என் கணக்கில் குறுங்கதைகளே அவருடைய நிஜமான அறிவியல் சாதனை. தெற்கே நாகர்கோவிலிலிருந்து ஜெயமோகன் ‘விசும்பு’ தொகுப்பில் சித்தமருத்துவம் போன்ற உள்ளூர் அறிவை அறிவியல் கதையாக்கினார். இவர்கள் யாரும் படக்கதைக்காரர்கள் அல்லர். தமிழ் ஓவியர்களும் எழுத்தாளர்களும் சேர்ந்து உட்கார்ந்து நான்கு பக்கத்துக்கு ஒரு கதை கட்டும் மேசை நம்மிடம் இல்லாமல் போய்விட்டது. கெயின்ஸும் ஃபெல்ட்ஸ்டைனும் செய்ததெல்லாம் அந்த மேசையைப் போட்டதுதான்.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. ‘2000 ஏ.டி.’யை 2000இல் வாங்கிய ஆக்ஸ்ஃபோர்டின் ரெபெல்லியன் நிறுவனம், 2016இலும் 2018இலும் ‘லயன்’, ‘வேலியன்ட்’ போன்ற இதழ்களின் பழைய ஃப்ளீட்வே, ஐ.பி.சி. படக்கதைக் கருவூலத்தையும் வாங்கிவிட்டது. இரும்புக்கை மாயாவியும் ‘ஃப்யூச்சர் ஷாக்ஸ்’ கதைகளும் இன்று ஒரே வீட்டில் இருக்கின்றன. அமெரிக்காவில் 2024இல் ஓனி பிரஸ் இ.சி. பெயரை உயிர்ப்பித்து ‘குரூவல் யூனிவர்ஸ்’ என்ற அறிவியல் இதழையும் வெளியிட்டது. சிவகாசியும் இன்று பெரிய அளவில், வண்ணத்தில், கெட்டி அட்டையில் புத்தகம் போடுகிறது. பக்க அளவு என்ற பழைய தடை இப்போது இல்லை. எனவே லயன்-முத்து ஆசிரியர் குழுவுக்கு ஒரு விண்ணப்பம்: ஆலன் மூரின் குறுங்கதைகளை ஒரு தொகுப்பாகத் தமிழில் கொண்டுவாருங்கள். கூடவே இதழுக்கு நான்கு பக்கம் ஒதுக்கி, தமிழிலேயே எழுதி வரையப்பட்ட ஒரு கதையைப் போடுங்கள். கடைசிக் கட்டம் மட்டும் இடப்பக்கத்தில், புரட்டிய பிறகே கண்ணில் படும்படி இருக்கட்டும்.