அம்மை குத்திய பத்தாம் நாள்

எட்வர்ட் ஜென்னர் 1796-ஆம் ஆண்டு ஒரு சிறுவனின் கையைக் கீறிப் பசுவம்மைப்பால் வைத்த நாள் முதல், பெரியம்மை ஒழிந்ததென்று உலக சுகாதார ஸ்தாபனம் 1980-ல் பிரகடனம் செய்தது வரையில், அம்மை குத்துவதால் விளையக்கூடிய உபத்திரவங்கள் என்று வைத்திய நூல்கள் வரிசைப்படுத்தியவற்றில் ஜுரம், நெறிகட்டுதல், உடலெங்கும் கொப்புளம் பரவுதல், அபூர்வமாக மூளை அழற்சி ஆகியவையெல்லாம் இருந்தன. ஹிருதயம் மட்டும் பெரும்பாலும் விடுபட்டுப் போயிற்று. குத்திக்கொண்டவர்கள் பெரும்பாலும் சிறு குழந்தைகள். மார்பு வலிக்கிறது என்று சொல்ல அவற்றுக்கு வாய் ஏது? நம் ஊர்களிலும் ஊசி வைத்த குழந்தை காய்ச்சலில் சோர்ந்து கிடந்தால், குத்தியது நன்றாக எடுத்திருக்கிறது என்று பெரியவர்கள் திருப்திப்பட்டார்களே தவிர, யாரும் அதன் நெஞ்சில் காதை வைத்துக் கேட்கவில்லை.

ஆனாலும் கூர்ந்து பார்த்தவர்கள் சிலர் உண்டு; பின்லாந்து ராணுவ வைத்தியர்கள் அவர்களில் சேர்ந்தவர்கள். பட்டாளத்தில் சேர்ந்த வாலிபர்களுக்கு ஊசிகள் போட்டபின் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்ததில், யாதொரு முறையீடும் இல்லாத சிலருடைய படங்களிலும் மாறுதல் தென்படுவதை எழுபதுகளின் இறுதியில் அவர்கள் எழுதி வைத்தார்கள். அதற்குள் பெரியம்மையே உலகை விட்டுப் போய்விட்டபடியால், அந்தக் குறிப்புகளும் உறங்கிப் போயின.

அவற்றை எழுப்பியது யுத்த பயம். பெரியம்மைக் கிருமியைப் பகைவர் ஆயுதமாக ஏவக்கூடும் என்று அஞ்சி, 2002 டிசம்பரில் அமெரிக்கா தன் படைவீரர்களுக்கு மறுபடியும் அம்மை குத்தத் தொடங்கியபோது, ஒரு விசித்திரமான நோயாளி வைத்தியசாலைகளுக்கு வரத் தொடங்கினான். இருபத்தைந்து வயதுத் திடகாத்திரன். மாரடைப்புக்காரனைப் போல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருவான். இ.சி.ஜி.யில் அலைகள் மேலெழும்பியிருக்கும். ஹிருதயத் தசை நைந்தால் ரத்தத்தில் கசியும் ட்ரோபோனின் என்ற புரதம் ஏறியிருக்கும். ஆயினும் ஆஞ்சியோகிராம் செய்து பார்த்தால் ரத்தக் குழாய்களில் அடைப்பே இராது. அப்போது சட்டைக் கையை உயர்த்திப் பார்க்கும் வைத்தியர் பிழைத்தார்: புஜத்தில் பத்து நாளைக்கு முன் குத்திய இடம் இன்னும் ஆறாத புண்ணாக இருக்கும். முதன்முறையாகக் குத்திக்கொண்ட 2,30,734 பேரில் 18 பேருக்கு இவ்வாறு நேர்ந்தது. எல்லாரும் 7 முதல் 19 நாட்களுக்குள் வந்தவர்கள். முன்பே குத்திக்கொண்டிருந்த 95,622 பேரில் ஒருவரும் இல்லை.

ட்ரோபோனின் பரிசோதனை தொண்ணூறுகளில்தான் ஆஸ்பத்திரிகளில் பரவிற்று என்பதை நினைத்தால், முந்தைய தலைமுறை வைத்தியர்களைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கருவி மாத்திரம் போதாது, தேடுகிற புத்தியும் வேண்டும் என்பதற்கு 2015-ல் வெளியான ஓர் ஆய்வு சாட்சி. அம்மை குத்திக்கொண்ட 1,081 பேருடைய ரத்தத்தை முன்னும் பின்னும் சோதித்ததில், வியாதி வெளிப்படையாகத் தோன்றாமலே 31 பேருக்கு ட்ரோபோனின் உயர்ந்திருந்தது.

ஆகவே 2021-ல் கோவிட் தடுப்பூசிக்குப் பின் இளைஞர்கள் மார்புவலியோடு வந்தபோது, அதே ராணுவ வைத்தியசாலைகள் திகைக்கவில்லை. 23 பேரை அடையாளம் கண்டு ஜூன் மாதத்திலேயே பத்திரிகையில் வெளியிட்டன. மாறியிருந்தது நாட்கணக்கு ஒன்றுதான். அம்மைக்குப் பத்தாம் நாளையொட்டி வந்த வலி, இதற்கு நான்கு நாட்களுக்குள் வந்தது; அவர்களில் 20 பேருக்கு இரண்டாவது ஊசிக்குப் பிறகு.