விபூதிப் புதனில் சிந்திய இரத்தம்

பொங்கல் முடிந்ததும் பங்கு இல்லத்து வாசலில் நாம் கேட்கும் முதற் கேள்வி, "சுவாமி, இந்த வருஷம் விபூதிப் புதன் எந்தத் தேதியில் வருகிறது?" என்பதாகும். பெரும்பாலும் இக்கேள்வியைக் கேட்பவர் மகளுக்குத் திருமண நாள் குறிக்க வந்த தகப்பனாராக இருப்பார். தவக்காலத்திற்குள் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்ற கவலை அவருக்கு. தேதியைச் சொல்லி அனுப்பிவிடுகிறோம். ஆனால் அத்தேதி ஆண்டுதோறும் ஏன் நகர்கிறது என்பதைப் பலர் கேட்பதில்லை. இம்மலரில் அதைச் சொல்ல ஒரு காரணம் உண்டு.

மார்ச் 21-ஆம் நாளிலோ அதற்குப் பின்னரோ வரும் முதற் பௌர்ணமியை அடுத்த ஞாயிறே உயிர்ப்புப் பெருவிழா. ஆகவே உயிர்ப்பு விழா எவ்வளவு முந்தி வந்தாலும் மார்ச் 22-க்கு முன் வராது. அதிலிருந்து 46 நாட்கள் பின்னோக்கி எண்ணினால் பிப்ரவரி 4. விபூதிப் புதன் அதைவிட முந்தி வரவே முடியாது. இந்த மிக முந்திய தேதியில் அது வருவது மிக அபூர்வம். 1582-ல் பாப்பரசர் 13-ஆம் கிரகோரியார் நாட்காட்டியைத் திருத்திய பின் இதுவரை நான்கு முறைதான் அப்படி வந்திருக்கிறது: 1598, 1693, 1761, 1818. இனி 2285-ல்தான் வரும்.

இந்நான்கில் இரண்டாவது ஆண்டைத் தமிழ்நாட்டுத் திருச்சபை மறக்க இயலாது. 1693-ஆம் ஆண்டு பிப்ரவரி 4, புதன்கிழமை. உலகெங்கும் ஆலயங்களில் கிறிஸ்தவர்கள் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்ட அந்நாளில், மறவர் சீமையின் ஓரியூரில், ஆற்றங்கரை மேட்டில், புனித அருளானந்த சுவாமிகளின் தலை வெட்டப்பட்டது. அன்னாருக்கு 46 வயது நிறைய இன்னும் 25 நாட்கள் இருந்தன.

ஜான் தெ பிரிட்டோ என்பது பெற்றோர் இட்ட பெயர். 1647 மார்ச் 1-ல் லிஸ்பன் நகரில் உயர்குடியில் பிறந்தவர். தந்தை பிரேசில் நாட்டில் ஆளுநராயிருந்து அங்கேயே இறந்தார். சிறுவன் ஜான் அரண்மனையில் இளவரசர் பெத்ரோவுக்குத் தோழனாக வளர்ந்தான். கொடிய நோயில் விழுந்தபோது, தாய் பியாட்ரிஸ் அம்மையார் புனித சவேரியாரிடம் நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தால் ஓராண்டு சேசு சபை அங்கி அணிவிப்பதாக. பிள்ளை பிழைத்தான்; அங்கியும் அணிந்தான். ஓராண்டு கழித்துக் கழற்றினாலும் அதை மனத்திலிருந்து கழற்றவில்லை. 15 வயதில் சேசு சபையில் சேர்ந்து, 1673-ல் குருவாகி, இந்தியாவுக்குப் புறப்பட்டபோது அதே தாய் தடுத்தார்; மகனை அனுப்பக் கூடாதென்று பாப்பரசரின் தூதுவர் வரை சென்று மன்றாடினார். நேர்ந்துகொள்வது எளிது, நேர்ந்ததை இறைவன் முழுவதும் எடுத்துக்கொள்ள வரும்போதுதான் கை நடுங்குகிறது. தாயைக் குறை சொல்ல நாம் யார்?

1674-ல் மதுரை மிசியோனுக்கு வந்து சேர்ந்தார். 1606-ல் தத்துவ போதகர் ராபர்ட் தெ நோபிலி சுவாமிகள் தொடங்கிய பணிக்களம் அது. அங்கு வந்தவர் அருளானந்தர் என்று பெயர் பூண்டு, பண்டார சுவாமிகளின் காவியுடை தரித்து, காதில் வளையம் அணிந்து, கையில் கோலேந்தி ஊர் ஊராக நடந்தார். திருத்தணியில் வாழும் நமக்கு அவ்வுடை புதிதல்ல. ஆடிக் கிருத்திகை நாட்களில் நம் வீதிகள் நெடுக அதைக் காண்கிறோம். அந்தத் துறவுக் கோலத்தின் பொருளை அவர் அறிந்தே ஏற்றார். இறைச்சி இல்லை, மீன் இல்லை, முட்டை இல்லை. சோறும் காய்கறியும், அதுவும் பெரும்பாலும் ஒரு வேளை. நாம் ஆண்டில் 40 நாட்கள் அனுசரிப்பதை அவர் ஆண்டு முழுவதும் அனுசரித்தார். (வெள்ளிக்கிழமை கறி இல்லை என்பதற்காக வியாழன் இரவே இரட்டிப்பாக உண்டு சரிக்கட்டுவோர் நமது பங்கில் இல்லை என்றே நம்புகிறோம்.)

இனி நாம் சொல்ல வந்த பொருளுக்கு வருவோம். இறைவனின் திட்டத்தை நம்புவது என்று தவக்காலப் பிரசங்கங்களில் அடிக்கடி சொல்கிறோம். அருளானந்தரின் வாழ்வை வரிசையாகப் படித்தால் ஒன்று விளங்கும். அவர் போட்ட திட்டம் ஒன்றுகூட அவர் எண்ணியபடி முடியவில்லை.

1685-ல் மிசியோனின் தலைவரானார். மறுஆண்டு மறவர் சீமைக்குள் நுழைந்தார். பல ஆண்டுகளாகக் குருக்கள் காலெடுத்து வைக்க அஞ்சிய நாடு அது. சில மாதங்களில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். 1686 ஜூலை 17-ல் மங்கலம் என்னுமிடத்தில் உபதேசியார்களோடு பிடிபட்டார். நீரில் அமிழ்த்தினார்கள், சாட்டையால் அடித்தார்கள், சுடுவெயிலில் கரடு முரடான பாறையில் கிடத்தி மிதித்தார்கள். மரண தண்டனை விதிக்கப்பட்டது. சுவாமிகள் சாவுக்கு ஆயத்தமானார். ஆனால் சாவு வரவில்லை. இராமநாதபுரத்தில் ரகுநாத கிழவன் சேதுபதி அவரை அழைத்துப் பேசி, இனி என் சீமையில் போதிக்கலாகாது என்று எச்சரித்து விடுதலை செய்தார்.

வேதசாட்சி முடி கைக்கெட்டி நழுவியது. அதோடும் முடியவில்லை. எந்த மக்களுக்காக அடிபட்டாரோ அவர்களிடம் திரும்பவும் விடாமல், மிசியோனின் காரியங்களை எடுத்துரைக்கும் பிரதிநிதியாக மேலதிகாரிகள் அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். 1687-ல் லிஸ்பன் போய்ச் சேர்ந்தார். பழைய தோழர் பெத்ரோ இப்போது அரசர். தம் மகனுக்கு ஆசிரியராக இங்கேயே தங்கிவிடும் என்று வற்புறுத்தினார். அரண்மனையில் தங்கினாலும் அதை இறைத்திட்டம் என்றே உலகம் சொல்லியிருக்கும்! சுகமான வாய்ப்புகளை எல்லாம் கடவுள் சித்தம் என்று அழைப்பதில் நாம் வல்லவர்கள். அவர் அவ்வாறு எண்ணவில்லை. ஐரோப்பாவிலும் பண்டாரத்தின் உணவையே உண்டு, 1690-ல் கோவா திரும்பி, 1691-ல் மீண்டும் மதுரை மிசியோனில் நின்றார்.

அடுத்து நடந்ததை ஓரியூருக்குத் திருயாத்திரை சென்றவர்கள் கேட்டிருப்பீர்கள். மறவர் சீமை அரச குலத்தவரான தடியத் தேவர் தீராத நோயில் கிடந்தார். உபதேசியார் ஒருவர் சென்று நற்செய்தி வாசித்துச் செபித்தார். நோய் நீங்கியது. தடியத் தேவர் ஞானஸ்நானம் கேட்டார். அவருக்கு மனைவியர் பலர். முதல் மனைவி ஒருத்தியோடு மட்டுமே வாழவேண்டும் என்று சுவாமிகள் சொன்னார், அவரும் இணங்கினார். 1693 ஜனவரி 6, மூவிராசாக்கள் திருநாளில் திருமுழுக்கு. மற்ற மனைவியருக்கு வேண்டிய ஆதரவு செய்து தருவதாகத் தடியத் தேவர் கூறியும், இளையவளான கடலாயி பொறுக்கவில்லை. அவள் சேதுபதியின் உறவினள். நேரே இராமநாதபுரம் சென்று முறையிட்டாள். இரண்டே நாளில், ஜனவரி 8-ல், சுவாமிகள் கைதானார்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். சேதுபதியைக் கொடுங்கோலராகக் காட்டும் நாடகங்களை நம் ஊர்களில் நடிப்பதுண்டு. அது முழு உண்மையாகாது. கிழவன் சேதுபதி மதுரை நாயக்கரின் பிடியிலிருந்து தம் நாட்டைத் தனித்து நிற்கச் செய்த பெரும் அரசர். முன்பு தம் கையில் சிக்கிய இதே குருவை உயிரோடு விட்டவரும் அவரே. அரச உரிமை கோரத்தக்க குலத்தவர் ஒருவர் புதிய சமயத்தில் சேர்கிறார். தம் உறவுப் பெண் தள்ளி வைக்கப்படுகிறாள். போதிக்கலாகாது என்ற தம் ஆணையும் மீறப்பட்டது. ஓர் அரசர் இதை எவ்வாறு பார்ப்பார் என்பதையும் நாம் எண்ணவேண்டும். இராமநாதபுரத்தில் கொன்றால் கலகம் எழும் என்று அஞ்சி, ஓரியூரில் ஆண்டுவந்த தம் சகோதரர் உடையத் தேவரிடம் சுவாமிகளை அனுப்பினார்.

பிப்ரவரி 3-ல் சிறையில் மையில்லை. கரித்தூளை நீரில் குழைத்துச் சுவாமிகள் கடிதம் எழுதினார். ஒன்று பிரான்சிஸ் லாயினஸ் சுவாமிகளுக்கு. அவர் பின்னாளில் மயிலாப்பூர் ஆயரானவர். அக்கடிதத்தில் புலம்பல் இல்லை. ஏன் எனக்கு இப்படி என்ற கேள்வியும் இல்லை. சாவை எதிர்நோக்கியிருக்கும் மகிழ்ச்சிதான் இருந்தது. மறுநாள் விபூதிப் புதன். நெற்றியில் சாம்பல் பூச அங்கே வேறொரு குருவுமில்லை, பீடமுமில்லை. கரி குழைத்த விரல்களோடு கொலைக்களம் சென்று முழந்தாளிட்டுச் செபித்தார். வெட்ட வந்தவனைத் தழுவிக்கொண்டார் என்று வரலாறு எழுதியோர் கூறுகின்றனர். தலை வெட்டப்பட்டது, கைகளும் கால்களும் துண்டிக்கப்பட்டன, உடல் கழுவேற்றப்பட்டது. அந்த மணல் இன்றும் சிவந்திருப்பதாக மக்கள் நம்பி எடுத்துச் செல்கிறார்கள்.

தம் உழைப்பின் பலனாக அவர் கண்டது என்ன? மறவர் சீமையில் ஒரு சிறு மந்தை, அதுவும் மேய்ப்பனில்லாமல்.

சரி, அடுத்த முறை விபூதிப் புதன் பிப்ரவரி 4-ல் வந்த 1761-ல் நிலைமை என்ன? 1759-லேயே போர்த்துக்கல் அரசு சேசு சபையாரைத் தன் ஆட்சிக்குட்பட்ட நாடுகளிலிருந்தெல்லாம் துரத்திவிட்டது. கோவாவில் இருந்தவர்கள் கைது செய்யப்பட்டார்கள். மதுரை மிசியோனுக்கு ஆளும் பணமும் வந்த வழி அடைபட்டது. பிரெஞ்சுச் சேசு சபையார் 1700-ஐ ஒட்டிப் புதுச்சேரியிலிருந்து தொடங்கி, புங்கனூர் முதலிய சித்தூர்ச் சீமை ஊர்கள் வழியாகத் தெலுங்கு நாட்டுக்குள் வளர்த்த கர்நாடக மிசியோனாவது பிழைத்ததா? 1761 ஜனவரி 16-ல் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது, நகரம் இடிக்கப்பட்டது. அதற்குப் பத்தொன்பதாம் நாள் விபூதிப் புதன். அன்று ஒரு வயது முதிர்ந்த குரு நெற்றியில் சாம்பலோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்திருந்தால், எல்லாம் முடிந்தது என்றே எழுதியிருப்பார். அவரைத் தவறென்று யாரும் சொல்லியிருக்க முடியாது. 1773-ல் பாப்பரசர் 14-ஆம் கிளமெந்து சேசு சபையையே கலைத்தார்.

அடுத்து 1818. சபை 1814-ல் மீண்டும் உயிர்பெற்றிருந்தது; ஆனால் மதுரைக்கு ஒருவரும் வரவில்லை. கோவாவிலிருந்து வந்த குருக்கள் சிலரும், பாரீஸ் அந்நிய வேதபோதக சபைக் குருக்கள் சிலரும் பெரும் பரப்பைச் சமாளித்து வந்தார்கள். பல ஊர்களில் குருவின் முகம் காணாமலே பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களானார்கள். விசுவாசத்தைக் காத்தவர்கள் யார்? உபதேசியார்கள், கோயிற்பிள்ளைகள், மாலைதோறும் வீட்டுத் திண்ணையில் செபமாலை சொன்ன பாட்டிமார்கள். இவர்களின் பெயர்கள் எந்த மலரிலும் அச்சாகவில்லை. நம் எண்ணத்தில், அருளானந்தரின் இரத்தத்துக்கு அடுத்தபடியாக இத்திருச்சபை நிற்பது இவர்கள்மீதுதான்.

1838-ல் பெர்த்ரான் சுவாமிகளும் உடன் வந்த பிரெஞ்சுச் சேசு சபையாரும் புதிய மதுரை மிசியோனைத் தொடங்கியபோது, தரிசு நிலத்தைக் காணவில்லை; காத்திருந்த மக்களைக் கண்டார்கள். வந்த குருக்களில் பலர் வெயிலுக்கும் காலராவுக்கும் இளமையிலேயே பலியானார்கள். ஆயினும் 1844-ல் நாகப்பட்டினத்தில் புனித சூசையப்பர் கல்லூரி எழுந்து, 1883-ல் திருச்சிக்கு வந்தது. அருளானந்தர் 1853-ல் முத்திப்பேறு பெற்றவராகவும், 1947 ஜூன் 22-ல் புனிதராகவும் உயர்த்தப்பட்டார். நம் நாடு விடுதலை பெற அப்போது இரண்டு மாதம்கூட இல்லை.

நமது பங்கைப் பற்றியும் இங்கே பேசவேண்டியிருக்கிறது. 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்து, பின்னர் தமிழகத்தோடு இணைந்த ஊர் திருத்தணி. ஒரே பெஞ்சில் தமிழில் செபிப்பவரும் தெலுங்கில் செபிப்பவரும் உட்காருகிறார்கள். 365 படிகள் கொண்ட மலைக்கோயிலைச் சுற்றி வாழும் பெரிய சமுதாயத்தில் நாம் சிறு மந்தை. விசைத்தறியிலும் கரும்புக் காட்டிலும் பாடுபடுவோரும், விடியற்காலை ரயிலேறிச் சென்னைக்கு வேலைக்குப் போவோருமாக நம் மக்கள். "இத்தனை வருஷமாகியும் நாம் இவ்வளவு பேர்தானா, சுவாமி?" என்று யூபிலி ஏற்பாடுகளின்போது பலர் கேட்டார்கள். கேள்வி நியாயமானது. தறி ஓடாத மாதங்களில் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு வழிதேடும் குடும்பத்திடம் போய், எல்லாம் இறைத்திட்டம் என்று சொல்லிவிட்டு வருவது நமக்கும் எளிதல்ல. அது போதுமென்றும் நாம் கருதவில்லை. அருளானந்தர் கைகட்டி உட்கார்ந்து நம்பவில்லை. நடந்தார், கற்றார், கடிதம் எழுதினார், கடல் கடந்து உதவி தேடினார், திரும்பி வந்தார். முடிவை மட்டும் தம் கையில் வைத்துக்கொள்ளவில்லை. இத்தவக்காலத்தில் உண்டியலில் சேரும் ஒறுத்தல் காணிக்கை, அத்தகைய குடும்பங்களின் பிள்ளைகளது படிப்புக்கே செல்லும் என்பதை இவ்விடத்தில் தெரிவித்துக்கொள்கிறோம்.

ஓரியூர்ச் செய்தி லிஸ்பனை எட்டியபோது பியாட்ரிஸ் அம்மையார் உயிரோடிருந்தார். கப்பலேற விடமாட்டேன் என்று இருபது ஆண்டுகளுக்கு முன் மன்றாடிய அதே தாய். அரசர் நன்றித் திருப்பலிக்கு ஏற்பாடு செய்து அவரை அழைத்தார். மகனை இழந்த தாய் கறுப்புடையில் வருவார் என்று எல்லாரும் எதிர்பார்த்திருந்தார்கள். அவர் திருவிழா உடையில் வந்தார்.