இறங்கும் வழிக்கு யார் சத்தம் கொடுப்பது?

குன்னூரில் இருக்கும் மகள் வீட்டில் கோடை முழுக்கத் தங்கிவிட்டு வரலாம் என்று ஏற்பாடு. முழங்கால் வலியோடு என் மனைவியால் ரயில் படி ஏறி இறங்க முடியாது. ஆகவே செங்கல்பட்டிலிருந்து போவதற்கு மட்டும் வாடகைக் கார். திரும்பும்போது மாப்பிள்ளை தன் வண்டியில் கொண்டுவந்து விடுவார்.

டாக்சி ஸ்டாண்டில் விசாரித்தேன். சுமார் 500 கிலோமீட்டர். டிரைவர் தம்பி இரண்டு வழிக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டார். பேட்டா, டோல், மலை ஏறுவதற்குத் தனித் தொகை வேறு.

"நாங்கள் ஒரு வழிதானே வருகிறோம் தம்பி?" என்றேன்.

"சார், நீங்க மேலேயே எறங்கிடுவீங்க. நான் காலி வண்டியோட கீழே வரணுமே" என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். ஒரு வழிச் சீட்டுக்கு அந்த மொழியில் 'அலே சேம்ப்ல்' என்று பெயர். எளிய போக்கு என்று பொருள். போகிறவனுக்கு எளிதுதான். கொண்டுபோய் விடுகிறவனுக்கு? நீலகிரிக்கு மனிதர்கள் ஏறிய கதையைப் பார்த்தால், இந்தக் கேள்வி இருநூறு வருஷமாக இருப்பது தெரிகிறது.

1819இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் அந்த மலைக்குப் போனார். பிரெஞ்சு மன்னரின் இயற்கை ஆய்வாளராகப் புதுச்சேரிக்கு வந்திருந்த லெஷெனோ தெ லா தூர் என்பவரும் அதே ஆண்டு, உடம்பு கெட்டிருந்த நிலையில் அங்கே போய்த் தேறினார். 1823இல் சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்குப் பாதை முடிந்தது. 1830களின் தொடக்கத்தில் குன்னூர் மலைப்பாதை வந்தது.

அந்நாளில் வசதியுள்ளவர்களுக்குப் பல்லக்கு. தபால் அதிகாரிக்கு முன்கூட்டியே எழுதிப் பணம் கட்டிவிட்டால் வழிநெடுகக் கட்டத்துக்குக் கட்டம் ஆள் காத்திருப்பார்கள். தூக்கிகள், தீவட்டிக்காரர், மூட்டை சுமக்கும் காவடிக்காரர் எல்லாரும் ஒரு கட்டம் தாண்டியதும் மாறுவார்கள். துரை மேலே போய்க்கொண்டிருப்பார். இறக்கிவிட்டவர்கள் நடந்தே ஊர் திரும்ப வேண்டும். துரைகள் எழுதிய பயணக் குறிப்புகளில் தாங்கள் போய்ச் சேர்ந்த நேரம் இருக்கும். அவர்கள் திரும்பி நடந்த நேரத்தை நான் எங்கும் படித்ததில்லை.

1870 முதல் சென்னை அரசாங்கமே கோடையில் உதகைக்கு இடம் மாறியது. கோப்புகளோடு எங்கள் இனமான குமாஸ்தாக்களும் போனார்கள். 1873இல் மேட்டுப்பாளையம் வரை ரயில் வந்தது. அதற்கு மேல் வழியில் குதிரை மாற்றி மாற்றி டோங்கா வண்டி. 1899இல் பல்சக்கர ரயில் குன்னூருக்கும், 1908இல் உதகைக்கும் போயிற்று. மொத்தம் 46 கிலோமீட்டர். குன்னூர் வரையிலான செங்குத்தான ஏற்றத்தில் எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும்.

ரயில் வந்த பிறகுதான் இந்த மலைக்கு ஒரு வழிச் சீட்டு உண்மையிலேயே ஒரு வழிச் சீட்டாயிற்று என்பது என் எண்ணம். ஏனென்றால் இறங்கும் வண்டியிலும் ஆள் உட்கார்ந்திருந்தார்கள். அந்த வழிக்கு அவர்கள் காசு கொடுத்தார்கள். தனி ஒருவருக்காக அமர்த்தும் பல்லக்குக்கும் டாக்சிக்கும் அந்த வசதி கிடையாது. யாராவது ஒருவர் அந்த வெறும் தூரத்தைச் சுமந்தாக வேண்டும்.

இதை எழுதும்போது பழைய விஷயம் ஒன்று நெஞ்சில் குத்துகிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பில்களைச் சரிபார்க்கும் மேசையில் இருந்தேன். ஒரு மழைக்காலத்தில் திருக்கழுக்குன்றத்திலிருந்து சதுரங்கப்பட்டினத்துக்கு நிவாரண அரிசி ஏற்றிப்போன மாட்டுவண்டிக்காரர், போக வர வண்டிச்சத்தம் கேட்டிருந்தார். "திரும்பும் வழியில் சரக்கு எதுவும் ஏற்றப்படாததால் பாதித் தொகை அனுமதிக்க இயலாது" என்று எழுதினேன். விதிப்படி சரி என்று நினைத்தேன். அவர் மூன்று முறை வந்து வாசல் வேப்பமரத்தடியில் நின்றார். அப்புறம் வரவில்லை. கடற்கரை மணலிலிருந்து அந்த மாடுகள் எப்படி வீடு திரும்பும் என்று நான் நினைத்தார் போல! நான் கேட்கவே இல்லை.

மறுநாள் காலை ஸ்டாண்டுக்குப் போய்ப் பேசி முடித்தேன். இரு வழிக்கும் பணம் கொடுப்பது. ஒரே நிபந்தனை, இரவில் மலை இறங்கக்கூடாது. மகள் வீட்டில் சாப்பிட்டு, படுத்து எழுந்து, நன்றாக விடிந்த பிறகு புறப்பட வேண்டும். மே மாத நெரிசலில் ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி என்று ஒருவழிப் போக்குவரத்து வைப்பார்கள். பழகாத இறக்கத்தில் தூக்கக் கலக்கம் ஆகாது. 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கு இ-பாஸ் வேண்டும் அல்லவா, அதையும் பேரன் எடுத்துத் தந்துவிட்டான்.

"கீழே வர யாராவது கிடைச்சா அந்தக் காசு, சார்?" என்றார் டிரைவர் தம்பி.

"அது உங்களுக்குத்தான்" என்றேன். சிரித்தார்.

திங்கட்கிழமை விடிகாலை 4 மணிக்குப் புறப்பாடு. திண்டிவனம், உளுந்தூர்பேட்டை, சேலம், அவிநாசி, மேட்டுப்பாளையம். மற்றவை குன்னூரிலிருந்து எழுதுகிறேன்.