கோட்டிகூலும் குருந்தமும்

1903இல் ஆனந்த குமாரசுவாமி, கண்டிக்கு அருகே பாறைக்குள்ளேயே குருந்தம் என்னும் கடினமான கனிமம் இருப்பதைப் பற்றி ஓர் ஆய்வுக் குறிப்பு எழுதினார். கலை வரலாற்றாசிரியராக உலகம் போற்றும் அவர் அன்று நிலவியலாளர். இலங்கையின் கனிம ஆய்வுப் பணிக்குத் தலைமை வகித்தவர். தீட்டுகற்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அந்தக் குறிப்புதான் நினைவுக்கு வரும்.

சவரக்கத்தி தீட்டுவோர் உலகெங்கும் தேடிச் சேர்ப்பது பெல்ஜியத்துக் கோட்டிகூல் கல்லை. அந்தக் கல்லில் இரும்பைத் தேய்ப்பது கார்னெட் என்னும் கனிமம். நாம் கோமேதகம் என்று மோதிரத்தில் பதிப்பதும் கார்னெட்டில் ஒரு வகைதான். கண்டி மலைகளில் கார்னெட்டும் உண்டு, அதைவிடக் கடினமான குருந்தமும் உண்டு. அப்படியிருந்தும் சவரக்கத்திக்கான கல் பெல்ஜியத்தின் அர்டென் மலையில்தான் அமைந்தது. ஏன்? இரண்டு மண்ணையும் அருகருகே வைத்துப் பார்த்தால் விளங்கும்.

வெந்த பதம்

கோட்டிகூல் கிடைப்பது பெல்ஜியத்தின் வியல்சாம், லியெர்னோ ஊர்களைச் சுற்றிய சிறு வட்டாரத்தில். ஏறத்தாழ 48 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சேறு அது, மாங்கனீசு மிகுந்தது. பின்னர் நிலத்தின் அடியில் 400 பாகை செல்சியஸ் அளவில் வெந்தது. மாங்கனீசு இருந்ததால் அந்த மிதமான சூட்டிலேயே கார்னெட் மணிகள் தோன்றின. சூடு மேலும் ஏறாததால் அவை வளரவில்லை. 5 முதல் 20 மைக்ரோன் பருமனோடு நின்றுவிட்டன. கல்லின் கன அளவில் 30 முதல் 40 வீதம் இந்த மணிகளே. அவற்றைப் பிடித்துவைத்திருப்பது மென்மையான மைக்கா.

கண்டியைச் சூழ்ந்த பாறைகள் 20 கிலோமீற்றருக்கும் அதிக ஆழத்தில், 700 முதல் 900 பாகை வரை வெந்தவை. அந்த உலையில் கார்னெட் பெருத்துவிட்டது. வீதிக்காக வெட்டிய பாறைமுகங்களில் மிளகளவு செம்பழுப்பு மணிகளாக வெறுங்கண்ணுக்கே தெரியும். 5 மில்லிமீற்றர் மணியின் குறுக்களவு, 10 மைக்ரோன் மணியைப்போல் 500 மடங்கு. அந்தப் பாறையில் சவரக்கத்தியை வைத்தால் வாய் சிதைந்துபோகும். கனிமம் ஒன்றுதான், வெந்த பதம்தான் வேறு.

பிடித்திருக்கும் பசை

கடின அளவுகோலில் குருந்தம் 9, கார்னெட் ஏறத்தாழ 7. ஆனால் தீட்டுகல்லுக்கு மணியின் கடினம் மட்டும் போதாது. மணியைப் பிடித்திருக்கும் பசையும் முக்கியம். கோட்டிகூலில் அந்த வேலையை இயற்கையே மைக்காவைக் கொண்டு செய்து முடித்திருக்கிறது. குருந்தத்துக்கு மனிதர் செய்தார்கள். குருந்தத்தை இடித்துப் பொடியாக்கி, உருக்கிய அரக்கில் கலந்து, வட்டமாக வார்த்து எடுத்ததுதான் நம் பழைய சாணை. அர்டென் மலை தானே செய்த சலித்தலையும் பிசைதலையும் இங்கே சாணைக்காரரின் கை செய்தது.

ஆகவே சேர்ப்பவர் மனமும் வேறுபடுகிறது. சாணையைத் தேய்ந்ததும் மறுபடி வார்த்துக்கொள்ளலாம். கோட்டிகூல் அப்படியல்ல. மெல்லிய படலமாகவே கிடைக்கும். உடையும் என்பதால் பெரும்பாலும் சிலேட்டுப் பலகை ஒன்றின் மேல் ஒட்டியே விற்பார்கள். ஒரே சுரங்கத்திலும் படலத்துக்குப் படலம் குணம் மாறும். அதனால் சேர்ப்போர் ‘லா வேனெட்’ என்பதுபோல் படலத்தின் பெயர் சொல்லியே கல்லை அடையாளம் காண்கிறார்கள்.

இரண்டு கத்திகள்

கோட்டிகூலின் மேல் சில துளி நீர் விட்டு, அதே இனத்துச் சிறு கல்லால் தேய்த்தால் பால் போன்ற குழம்பு எழும். அதில் கத்தியின் முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படுமாறு கிடத்தி, வாய் முன்செல்லத் தள்ளவேண்டும். பிறகு துளித்துளியாக நீர் சேர்த்துக் குழம்பைத் தண்ணீராக்கிக்கொண்டே போகவேண்டும். குழம்பு கெட்டியாக இருக்கும்போது கல் வேகமாகத் தேய்க்கும். நீர்க்க நீர்க்க மெருகேற்றும். கார்னெட் மணியின் முனைகள் விரிகோணமானவை, ஆழக் கீறாதவை. கடைசியில் தோல்வாரில் முதுகு முன்செல்ல இழுத்தால், கன்னத்தில் எரிச்சல் இல்லாத சவரம் கிடைக்கும்.

இப்போது தேயிலைத் தோட்டத்துக்குப் போவோம். கண்டி மாவட்டத்து லூல்கந்துரையில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். அன்று தொடங்கிய தொழிலின் கருவி, தேயிலைச் செடியைக் கத்தரிக்கும் கவ்வாத்துக் கத்தி. விரல் பருமன் கிளையை ஒரே வீச்சில், பட்டை கிழியாமல் சாய்வாக வெட்டவேண்டும். கிழிந்தால் அந்தக் காயத்தில் நீர் இறங்கிச் செடி அழுகும். வெட்டுபவர் வேலைக்கு நடுவே கத்தியைத் திரும்பத் திரும்பத் தீட்டவேண்டும். அங்கே அவகாசம் நிமிடக் கணக்குத்தான். கோட்டிகூலின் பொறுமை அந்த மலைச்சரிவுக்கு உதவாது. செயற்கைக் கல்லான கார்போரண்டத்தின் கடுமைதான் உதவும். அதே கார்போரண்டத்தோடு சவரக்கத்தியை நிறுத்திக்கொண்டால் கன்னம் தாங்காது. கல்லை மதிக்கவேண்டியது கடினத்தை வைத்தல்ல. அது எந்த வாய்க்கு வேலை செய்கிறது என்பதை வைத்து.

அந்தக் கார்போரண்டத்தின் பெயரைக் கொஞ்சம் நின்று கேளுங்கள். தமிழின் குருந்தமே ஐரோப்பிய மொழிகளில் கொரண்டம் ஆயிற்று. 1891இல் அமெரிக்கர் எட்வர்ட் அச்செசன் மின் உலையில் ஒரு புதிய கடினப் பொருளைக் கண்டார். அதைக் கார்பனும் கொரண்டமும் சேர்ந்த கலவை என்று கருதிக் கார்போரண்டம் என்று பெயரிட்டார். உண்மையில் அது சிலிக்கன் கார்பைட். ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது. அர்டென் சுரங்கக்காரர் தம் கல்லுக்குத் தீட்டுகல்லைக் குறிக்கும் பழைய லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயரைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். நம் சொல்லோ ஊர் சுற்றி, உருமாறி, கண்டி மலையில் கவ்வாத்து வெட்டும் தமிழர் கைக்கே திரும்பி வந்திருக்கிறது.